யாரும் தொடாத கால்

என் வலது முழங்கால் எப்படிப் போனது என்று சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்கூடச் சொல்வார். சென்னையில் லீக் மேட்ச், எட்டாவது நிமிஷம், எதிரணிக்காரன் ஒருத்தன் கண்மண் தெரியாமல் வந்து காலை வாரிவிட்டான், பாவம் நல்ல ஆட்டக்காரர், அதோடு முடிந்தது என்பார். சொல்லிவிட்டு, நான் எழுந்து போக வேண்டாம் என்று டீயை என் பெஞ்சுக்கே கொண்டுவந்து தருவார். பதினேழு வருஷமாக அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு, அந்த டீயையும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதை முழுப் பொய். அதைச் சொன்னவன் நான்தான்.

நான் ஆடியது ஸ்டாப்பர் இடத்தில். கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனையெல்லாம் மறிக்கிறவன். அப்பாவுக்கு ஆடுகள் உண்டு. கரிசல்காட்டில் ஆடு பருத்திக்குள் இறங்காமல் மறிக்கிற வேலையைப் பத்து வயதிலேயே பழகியிருந்தேன். ஆட்டின் பின்னால் ஓடினால் ஆடுதான் ஜெயிக்கும். அது எங்கே போக நினைக்கிறதோ அங்கே நாம் முன்னாடியே போய் நிற்கவேண்டும். பிற்பாடு கல்கத்தாவில் ஒரு கோச் இதையே கரும்பலகையில் அம்புக்குறி போட்டு மூன்று மாதம் நடத்தினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கல்கத்தாவில் இரண்டு சீசன், கோவாவில் ஒன்று. முன்பல் இரண்டு போனது கோவாவில். புருவத்தில் தையல் விழுந்தது கல்கத்தாவில், மழையில். ஸ்டாப்பரின் பிழைப்பு கேவலமான பிழைப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்வர்டு பத்து தடவை சொதப்பிவிட்டு ஒரு தடவை கோல் போட்டால் தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஸ்டாப்பர் எண்பத்தொன்பது நிமிஷம் மறித்துவிட்டு ஒரு நிமிஷம் அசந்தால் அவன் அம்மாவை இழுப்பார்கள். இருந்தும் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஒருத்தன் முழு வேகத்தில் பந்தோடு வரும்போது, அவன் எந்தப் பக்கம் ஒடித்துத் திரும்பப்போகிறான் என்பது அவன் இடுப்பில் தெரியும். அது தெரிகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை அடியும் வாங்கினேன்.

இருபத்தாறு வயதில் கோவா கிளப் போகச் சொல்லிவிட்டது. சென்னையில் ஒரு அரசுத் துறையின் அணியில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகத்தில் ஒரு மேஜை. வேலை தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும், இன்னும் ஓடுகிறானா என்று பார்த்து நீட்டிப்பார்கள். விதிகள் இரண்டு உண்டு, அவற்றை எல்லா ஆட்டக்காரரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். துறைச் சட்டையோடு ஆடும்போது அடிபட்டு ஆட முடியாமல் போனால், மேஜை வேலை நிரந்தரம். வெளியே எங்காவது போய் ஆடி அடிபட்டால், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

கால் போன நேரத்தில் எனக்குக் கல்யாணமாகி, மகளுக்கு இரண்டு வயது. மனைவி சிவகிரிக்காரி. வாடகை வீடு, மாடியில். எனக்குப் பந்தை மறிப்பதைத் தவிர வேறு ஒரு வேலையும் தெரியாது. இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாது.

கேரளத்தில் செவன்ஸ் என்று ஒரு ஆட்டம் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கட்டி கேலரி போட்டு, சுற்று வட்டாரமே வந்து உட்கார்ந்துவிடும். கிளப்பிலும் துறையிலும் இருக்கிறவர்கள் அங்கே ஆடக் கூடாது. ஆனால் ஆடுவார்கள். மைக்கில் பெயர் சொல்ல மாட்டார்கள், ‘மெட்ராஸ் ஸ்டாப்பர்’, ‘கோவா விங்கர்’ என்றுதான் சொல்வார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒருத்தரும் வெளியே சொல்வதில்லை.

காசுக்காகப் போனேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு இரக்கம் வரும். காசும் கொடுத்தார்கள்தான். உள்ளதைச் சொன்னால், அந்த வருஷம் துறை அணியில் என்னை வரிசையாக மூன்று மேட்ச் வெளியே உட்காரவைத்திருந்தார்கள். இருபத்தொன்பது வயது. எனக்குப் பதிலாக இறங்கியவன் என்னைவிட மட்டமானவன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோல்கீப்பர் தூத்துக்குடிக்காரன், என் வயதுதான். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“என்ன வே, பெஞ்சத் தேச்சுக்கிட்டுக் கெடக்கீரு. எங்கூட வாரும். ஒரு மேட்ச் ஆடிட்டு ரயிலப் புடிச்சி வந்துருவோம்.”

போனேன். அந்த மாலையில் நான் ஆடிய ஆட்டத்தை என் வாழ்நாளில் வேறெங்கும் ஆடவில்லை. முதல் பாதியில் ஒருத்தனும் என்னைத் தாண்டவில்லை. ஒவ்வொரு மறிப்புக்கும் மூங்கில் கேலரி எழுந்து நின்று கத்தியது. ஸ்டாப்பருக்கு யார் கத்துவார்கள்? அங்கே கத்தினார்கள். சின்னப்பிள்ளை மாதிரி நானும் கையைத் தூக்கிக் காட்டினேன்.

இரண்டாவது பாதியில் முழங்கால் போனது. என் பக்கத்தில் அப்போது ஒரு ஆள் கிடையாது. பந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது. இடது பக்கம் திரும்பி ஓடப் பார்த்தேன். பூட்ஸ் அடியில் இருக்கிற கட்டை நெல்தாளின் வேரில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. சுள்ளி ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது. யாராவது இடித்திருந்தால்கூட அவனைத் திட்டிக்கொண்டாவது அழுதிருப்பேன். யாரும் என்னைத் தொடவில்லை.

ரயிலில் கீழ் பெர்த்தில் என்னைப் படுக்கவைத்து, காலைத் தன் பையின் மேல் தூக்கி வைத்தான் கோல்கீப்பர். முழங்கால் வீங்கி, பேண்டைக் கிழிக்கவேண்டியிருந்தது. ஆபரேஷன், வேலை, வாடகை, பிள்ளை என்று நான் ஏதேதோ உளறிக்கொண்டு வந்தேன். ஜோலார்பேட்டை தாண்டியதும் அவன் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் பேசினான்.

“வே, நல்லாக் கேளும். செவன்ஸ்ல விழுந்தது விழுந்த கணக்குலயே வராது. துறை சட்டையப் போட்டுக்கிட்டு விழுந்தாத்தான் அது காயம். சனிக்கிழமை மேட்ச் இருக்கு. உம்ம எடத்துல நிக்கவன் ரெண்டு மஞ்சக் கார்டு வாங்கிட்டான், அவன எறக்க முடியாது. உம்மத்தான் எறக்குவாங்க. எறங்கும். அங்கன விழும்.”

“நிக்கவே முடியலயே வே.”

“ஆறு நாள் இருக்குல்லா. நிக்க மட்டும் பழகும்.”

ஆறு நாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தேன். மனைவி கீழ்வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வாங்கி வந்து வைத்துக் கட்டினாள். என்ன செய்யப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. மகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து, துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். வியாழக்கிழமை சுவரைப் பிடித்து நின்றேன். வெள்ளிக்கிழமை நேர்கோட்டில் நடந்தேன். திரும்பினால் முழங்கால் தனியாகக் கழன்று போனது. நேராக மட்டும் போனால் தாங்கியது. சனிக்கிழமை மதியம் தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் வலி குறைய ஊசி போட்டுவிட்டார்.

மைதானத்தில் வார்ம்-அப் செய்கிறபோது எதிரணியிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். கறுத்து, ஒல்லியாக, கணுக்கால் சிறுத்து, ஃபார்வர்டுக்கென்றே செய்த கால்.

“அண்ணாச்சி, நான் வாசுதேவநல்லூர். நம்ம பக்கந்தான். உங்க போட்டோவ பேப்பர்ல வெட்டி வச்சிருக்கேன் அண்ணாச்சி. இன்னிக்கு உங்க எதுக்க ஆடுதேன்னு அம்மாட்ட போன்ல சொன்னேன்.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “கோவா கிளப்புல இருந்து ஒரு ஆள் என்னையப் பாக்க வந்திருக்காரு. அங்கன வெள்ளத் தொப்பி.”

நல்லா ஆடு என்று சொல்லி அவன் முதுகில் தட்டினேன். சத்தியமாக அப்போது எனக்குள் ஒரு திட்டமும் இல்லை. எவனாவது வருவான், விழுவேன் என்றுதான் இருந்தேன். அவன்தான் வருவான் என்று நினைக்கவில்லை. ஆனால் ஃபார்வர்டு ஸ்டாப்பரிடம் வராமல் வேறு யாரிடம் வருவான்?

எட்டாவது நிமிஷம். பந்து என் காலில் இருந்தது. அவன் வலது பக்கத்திலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தான். அப்படி ஒரு சுத்தமான சறுக்கலை நான் பார்த்ததில்லை. பந்தை மட்டும் அவன் நுனிக்கால் தட்டி எடுத்தது. பந்து போனபிறகு எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி எனக்குத் தெரிந்தது. அது தெரிந்துதான் விழுந்தேன்.

விழும்போது முழங்கால் திரும்பியது. அலறினேன். அலறலில் பொய்யே இல்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். ரெஃபரி ஓடி வந்து, என் காலைப் பார்த்துவிட்டு, சிவப்பு அட்டையை எடுத்தார். அந்தப் பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடவே இல்ல சார், தொடவே இல்ல சார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். அவன் கூடவே ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நான் பந்தத்தான தொட்டேன்? நீங்க சொன்னா கேப்பாங்க அண்ணாச்சி.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலியில் மயங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள். எனக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மைதானத்தின் கோட்டைத் தாண்டியபோது அவன் விசும்புகிற சத்தம்கூடக் கேட்டது.

டாக்டர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது இன்றைக்கு வந்த வீக்கமா என்று கேட்டார். ஆமா சார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் நின்ற என் மனைவியையும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். இன்றைக்கு என்றே எழுதினார். விசாரணைக்கு வந்தவர்கள் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார்கள். எதிரணி வீரர் பலமாக மோதியதில் என்று ஆரம்பித்தேன். எழுதி முடித்த பிறகு ஒரு தடவை படித்தும் பார்த்தேன். அவனுக்கு ஒரு வருஷம் தடை. வெள்ளைத் தொப்பிக்காரர் அதற்குள் கோவாவுக்குப் போய்விட்டார்.

இதுவரைக்கும் செய்ததைக்கூட, பிள்ளை குட்டிக்காரன், வேறு வழியில்லாமல் செய்தான் என்று யாராவது தள்ளிவிடலாம். இதற்கடுத்துச் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அவன் பார்க்க வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றான்.

“எனக்குத் தொட்ட மாதிரியே தெரியல அண்ணாச்சி. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கேன். பந்துதான் ஞாபகம் வருது. ஆனா ஸ்கேன்ல நரம்பு அறுந்துட்டுன்னு சொல்லுதாங்க. அது சும்மா அறுவுமா? அப்ப தொட்டிருக்கேன். வேகத்துல எனக்குத் தெரியல.”

நான் பேசாமல் இருந்திருந்தால்கூடப் போதும். பேசினேன். “வேணும்னேவா செஞ்ச? விடு. நான் உன்னை மன்னிச்சிட்டேன்” என்றேன். பெரிய மனுஷன் மாதிரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவன் குனிந்து என் கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தான் தொடவில்லை என்று சொல்ல உலகத்தில் அவன் ஒருத்தன்தான் இருந்தான், இப்போது அவனும் இல்லாமல் போய்விட்டான். தடை முடிந்த பிறகும் அவன் ஆட வரவில்லை. ஒருத்தன் காலை ஒடித்தவன் இன்னொருத்தன் மேல் எப்படி ஓடுவான்? வாசுதேவநல்லூரில் டிராக்டர் ஓட்டுகிறான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கேட்டு வாங்கிக்கொண்டு என் ஊர்ப்பக்கம் சங்கரன்கோவிலுக்கே மாற்றலாகி வந்தேன். விந்திக்கொண்டு நடக்கிறவனுக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு. மறுவருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று காலையில், வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை.

“நாந்தான் ஐயா அவனப் பெத்தவ” என்றாள்.

எங்கள் அம்மன் ஒற்றைக்காலில் தபசு நிற்கிற நாட்கள் அவை. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வந்தால் கால்நோவை அம்மன் தன் காலில் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். நூற்றெட்டுச் சுற்று வேண்டிக்கொண்டு, வயதானவர்களெல்லாம் வெயில் மழை பார்க்காமல் நடப்பார்கள். அந்த அம்மா என் காலுக்காக நடக்க வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு தகடு எடுத்துக் காட்டினாள். முழங்காலோடு சேர்ந்த ஒரு கால், வெள்ளைத் தகட்டில் வெட்டியது. சுற்று முடிந்ததும் அதை உண்டியலில் போடுவாளாம்.

“முதல்ல தொடலன்னுதான் சொன்னான் ஐயா. நான் நம்பல. தப்பு செஞ்சவன் வேற என்ன சொல்லுவான்? செவுட்டுல ஒண்ணு வச்சேன். உங்கள ஆஸ்பத்திரில பாத்துட்டு வந்த பொறவு வாயே தொறக்க மாட்டேங்கான். உங்க காலு நேரா நிக்கிற வரைக்கும் வருசா வருசம் நான் சுத்துதேன். பெத்தவ பாடு அது.”

அவள் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து, என் பேண்டை மடித்துவிடச் சொல்லி, தன் கையாலேயே முழங்காலில் பூசினாள். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள், அவள் போகிறவரை வெளியே வரவில்லை.

என் கால் நேரே நிற்காது. உள்ளே இருக்கிற நரம்பு போய், எலும்பும் தேய்ந்துவிட்டது. அப்படியானால் அவள் சாகிறவரை சுற்றவேண்டும். அவளுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு வருஷம் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, வீட்டுக்குள் விந்தாமல் நடக்கப் பழகினேன். கல்லுக்கடியில் கை மாட்டின மாதிரிதான் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எட்டு வைக்க முடிந்தது. அவள் வாசலுக்கு வந்ததும் நேராக நடந்து போனேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஏழாவது எட்டில் வாசற்படியில் கால் மடங்கி, அவள் மேலேயே போய் விழுந்தேன். அவள் என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் மகனைத் திட்டித் திட்டி அழுதாள். பாவிப் பய, பாவிப் பய என்றாள். நான் அந்த மடியில் காலை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஆடியிலும் நினைப்பேன். சொன்னால் எழுதிக்கொடுத்தது பொய் என்றாகும். பொய் சொல்லி வாங்கிய வேலை போகும். மகள் பள்ளிக்கூடம் போகட்டும், பத்தாவது முடிக்கட்டும், கல்லூரியில் சேரட்டும். இப்படியே தள்ளிப்போட்டேன். மறிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அதை நன்றாகவே செய்தேன்.

இந்த வருஷம் கொடியேறி இரண்டாம் நாள் அவள் வந்தாள். எழுபதை நெருங்கிவிட்டாள். இரண்டு காலும் கணுக்காலுக்கு மேலே வீங்கி, தோல் மினுங்கியது. புற்றுமண்ணைப் பூசிவிட்டு எழுந்திருக்க முடியாமல், தரையில் கையூன்றித் தவித்தாள். நான் கை கொடுத்தேன். நொண்டியும் கிழவியும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு எழுந்தோம். அவள் போன பிறகு மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். அன்றைக்கு அவள் காப்பி கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இனிமே என்னால அந்த அம்மாவுக்கு காப்பி குடுக்க முடியாது” என்றாள். “அவ காலப் பாத்தியளா? பானை கெணக்கா வீங்கிக் கெடக்கு. நம்ம தின்னுத சோறு அந்தக் கால்ல இருந்துதான் வருது.”

“சொன்னா வேலை போயிரும்ட்டி.”

“பதினேழு வருசம் தின்னாச்சுல்லா.”

அவள் அரிசி களையப் போய்விட்டாள். அன்றைக்கு நான் அலுவலகம் போகவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

கோயிலைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லாரும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளைத் தேடினேன். ஒரு தூணுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போவதற்குள் கூட்டத்தில் அவனைப் பார்த்துவிட்டேன். முப்பத்தொன்பது வயது, காதோரம் நரைத்துவிட்டது, கணுக்கால் மட்டும் அதே கணுக்கால். உள்ளங்கையில் புளியங்கொட்டை வைத்திருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கீழே போடுவது கணக்கு.

“அம்மாவால முடியல அண்ணாச்சி. அறுபத்தொண்ணாஞ் சுத்துல உக்காந்துட்டா. மிச்சத்த நான் சுத்துதேன்.”

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். செத்த நில்லு.”

“சுத்து நடுவுல நிக்கக் கூடாதும்பா. நடந்துக்கிட்டே சொல்லுங்க.”

எனக்காக நடையை மெதுவாக்கிக்கொண்டான். அவன் பக்கத்தில் விந்திக்கொண்டே சொன்னேன். செவன்ஸ், நெல்தாள், ரயில், ஊசி, ஒரு சாண் இடைவெளி, ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டது, வெள்ளைத்தாள். எதையும் குறைக்கவில்லை. புளியங்கொட்டை போடவேண்டிய இடம் வந்தது. அவன் போடாமல் தாண்டினான்.

“அப்ப நான் பந்தத்தான் தொட்டேன்.”

“பந்த மட்டுந்தான். எம்மேல உன் காத்துகூட படல.”

நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் எங்கள் மேல் இடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள்.

“நல்லா எடுத்தேனா அண்ணாச்சி?”

“அதுமாதிரி ஒருத்தன் எங்கிட்ட இருந்து பந்தை எடுத்ததில்ல. கல்கத்தாவுல இல்ல, கோவாவுல இல்ல.”

அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. நல்லா எடுத்தேன், நல்லாத்தான் எடுத்தேன் என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

“ஆஸ்பத்திரியில என்னை மன்னிச்சிட்டேன்னு சொன்னிய.”

“சொன்னேன்.”

“அதத் திருப்பி எடுத்துக்கிடுங்க.”

அதை எப்படி எடுப்பது? “எடுத்துக்கிட்டேன்” என்றேன். அவன் தலையாட்டினான்.

“அம்மாட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா எடுபடாது.”

தூணடிக்குப் போனோம். அவள் எங்களைப் பார்த்ததும் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். “இந்தக் கூட்டத்துல காலோட ஏன் ஐயா வந்திய?” என்றாள். எனக்கு மடக்கி உட்கார வராது. தூணைப் பிடித்துச் சரிந்து, அவளுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவளுக்குச் செவன்ஸ் புரியவில்லை, லீக் புரியவில்லை. பாதியில் நிறுத்தி, “அப்ப உங்க காலத் தொட்டது யாரு?” என்று கேட்டாள்.

“யாரும் தொடலம்மா. தானா அறுந்தது. அதுக்கு ஆறு நாள் கழிச்சுத்தான் இவன் எதுக்க ஆடுனேன். இவன் தொட்டான்னு நான் பொய் சொன்னேன்.”

தகட்டுக் கால் அவள் மடியில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என் காலையும் பார்க்கவில்லை. தன்னுடைய இரண்டு காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணாந்து மகனைப் பார்த்தாள்.

“இத நீ ஏம்லே எங்கிட்ட சொல்லல?”

அவன் புளியங்கொட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சொன்னேம்மா” என்றான். “வந்த அன்னைக்கே சொன்னேன்.”